மருமவன் கார்ல அம்மன் ஆடுத கதை

வாரும் மருமவனே, வாரும். நீரு தெருமுக்குத் திரும்பும்போதே உம்ம அத்தை சொல்லிட்டா, ‘மாப்ள வண்டி வருது’ன்னு. எப்பிடிளா கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். ‘கிரைண்டர்ல உளுந்தோட ஒரு கல்லு விழுந்தா சத்தம் வருமே, அது அவுக வண்டிக்குத்தான் இருக்கு’ங்கா. பாரும், அடுப்படியில நிக்கவளுக்கு இருக்க காது, ஸ்டீரிங் புடிச்சிருக்க உமக்கு இல்ல.

எறங்காதேயும். இஞ்சின ஆஃப் பண்ணாதேயும். டேஷ்போர்டுல இருக்கன்குடி மாரியம்மன ஒட்டி வச்சிருக்கீரே, அதப் பாத்துட்டுத்தான் கேக்கேன்: என்ன இந்த ஆட்டம்? கோயில்லகூட ஆடிக்கு ஆடிதான் சாமி ஆடும். உம்ம கார்ல சிக்னலுக்குச் சிக்னல் ஆடுது.

என்னது, வைத்தியம் பாத்தாச்சா? சொல்லும், சொல்லும். பிளக்கு மூணும் புதுசு. சபாசு. காயில் மூணும் புதுசு. ஆகா. இன்ஜெக்டரக் கழட்டிக் கழுவியாச்சு. சைலன்சர்ல இருக்க ஆக்சிஜன் சென்சாரு புதுசு. பேட்டரியும் புதுசா! ஆடுத வண்டிக்குப் பேட்டரி எதுக்குவே? சரி, பழைய பேட்டரி எங்க? டிக்கியிலயா? கடைக்காரன் 600 ரூவாதான் தருவேன்னானா, ரோசப்பட்டுத் தூக்கிட்டு வந்துட்டீரா? நல்லது, நல்லது. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

மொத்தம் எம்புட்டு? 20,500 ரூவா. அந்த ஒர்க்‌ஷாப்காரரு மவளுக்கு இந்த வருசக் காலேஜ் பீசு கட்டியாச்சு. கன்யாதானத்துக்கு அடுத்த புண்ணியம் இதுதான். ஆட்டம் மட்டும் நிக்கல, அப்பிடித்தானே? நிக்காது. எது கெட்டுப்போச்சுன்னு பத்துப் பேருகிட்ட கேட்டீரு. எப்ப ஆடுதுன்னு வண்டிகிட்ட ஒரு தடவ கேட்டீரா?

நம்ம பாட்டன் மாட்டுத் தாவணியில மாடு புடிச்சவரு. மாட்டப் பாத்த உடனே பல்லப் புடிச்சுப் பாக்க மாட்டாரு. ஓரமா நின்னு ஒரு பீடி குடிச்சு முடிக்கிறவரைக்கும் மாடு நடக்கத மட்டும் பாப்பாரு. மேட்டுல ஏறும்போது நொண்டுதா, எறங்கும்போது நொண்டுதா, நின்ன எடத்துல காலத் தூக்குதா. இதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் குளம்பத் தொடுவாரு. நீரு மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி நாலு காலையும் வெட்டிப் புதுக்காலு வச்சிருக்கீரு. நொண்டு வயித்து வலியில வந்ததுன்னு இப்பத் தெரியுது.

நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லும். காலையில பச்சத்தண்ணியா இருக்கும்போது ஆடுதா, சூடான பொறவா? ரெண்டும். மழை பேஞ்சா கூடுதா? இல்ல. பெட்ரோல் போட்ட அன்னைக்கு ஆரம்பிச்சுதா? இல்ல. நாலுவழிச்சாலையில 80-ல போகும்போது? மெத்தை மாதிரிப் போகுதா! வந்து வாசல்ல நிறுத்துனா ஆடுது. அம்புட்டுதான். பாதிச் சீக்கு பிடிபட்டுருச்சு. நாலு கேள்வி, ஒரு பைசாச் செலவில்ல.

இதுவே மாறி இருந்துச்சுன்னா? நின்னா நல்லா நிக்கு, மேட்டுல மிதிச்சா இருமுதுன்னு வச்சுக்கிடும். அப்ப பெட்ரோலு வயித்துக்குப் பத்தலைன்னு அர்த்தம். சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணாம காத வச்சுக் கேக்கணும். பின்சீட்டுக்கு அடியில ரெண்டு செகண்டு வண்டு ரீங்காரம் மாதிரி ‘உம்ம்’னு வரும், பம்பு சத்தம். வரலைன்னா, இல்ல தொண்டை கட்டுன மாதிரி வந்துச்சுன்னா, அங்கயிருந்து ஆரம்பிக்கணும். மழையில மட்டும் திக்குச்சுன்னா காயில்லயோ ஒயர்லயோ ஈரம் ஏறுது. பெட்ரோல் போட்டு அஞ்சு கிலோமீட்டர்ல திக்குச்சுன்னா டேங்குல தண்ணி. இப்ப வார பெட்ரோல்ல 20 சதம் எத்தனால், அது தண்ணியக் கண்டா கல்யாணத்துல சம்பந்தி மாதிரிக் கட்டிப் புடிச்சுக்கிடும். அளவுக்கு மீறுச்சுன்னா ரெண்டு பேரும் சேந்து அடியில போயி உக்காந்துக்கிடுவாக, பெட்ரோலு மேல தனியா நிக்கும்.

சூடான பொறவு பொசுக்குன்னு நின்னுபோறது ஒரு ரகம். உம்ம சித்தப்பன் முறைக்காரன் ஒருத்தன், பேரு வேண்டாம், பாவம். அவன் வண்டி டவுனுக்குப் போற வழியில ஒரு பாலத்துகிட்ட நின்னுபோயிரும். அரை மணி நேரம் டீக்கடையில இருந்துட்டு வந்தா ஒத்தச் சாவியில எடுக்கும். அடுத்த வாரமும் அதே பாலம். மூணாவது தடவ அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போகல, கோடாங்கியக் கூட்டிட்டு வந்துட்டான். பாலத்துல தூக்குப் போட்டுக்கிட்டவ புடிச்சிருக்கான்னு உடுக்கடிச்சு, ஒரு கெடா வெட்டி, எனக்குத் தொடைக்கறி வந்துச்சு. தின்னு முடிச்ச பொறவுதான் கேட்டேன்: ‘ஏ, உன் வீட்டுல இருந்து அந்தப் பாலம் எம்புட்டுத் தூரம்?’ முப்பது கிலோமீட்டருங்கான். இஞ்சினு நல்லாக் கொதிக்கிறதுக்கு அம்புட்டு நேரம் வேணும்லா? கிராங்க் சென்சாருன்னு ஒண்ணு இருக்கு. இஞ்சினு எந்த எடத்துல சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுத சாமான். அது கெட்டுப்போக ஆரம்பிச்சா சூட்டுல மயங்கும், ஆறுனா எந்திரிக்கும். அத மாத்துனான், பேயும் போச்சு. முன்னாடியே சொல்லி இருக்கலாமேன்னு கேக்கீரா? கறி?

சரி, பானட்டத் தொறயும். இரும், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிடுதேன், துண்டையும் எடுத்து வச்சிருதேன். நீரு பேண்டுதான், ஆனா கழுத்துல ஆபீசு டேக்கு தொங்குது பாரும், கழட்டும். ரேடியேட்டர் ஃபேனு இருக்கே, அது இஞ்சினு ஆஃப் ஆன பொறவும் சில வண்டியில தானாச் சுத்தும், முன்னறிவிப்பு கெடையாது. பெல்ட்டு ஓடுதப்ப எந்தத் துணியும் பக்கத்துல ஆடக் கூடாது. இன்னொண்ணு: வண்டிய வெயில்ல நிறுத்திப் பாக்கது கஷ்டம்னு செட்டுக்குள்ள விட்டுக் கதவச் சாத்திக்கிட்டு இஞ்சின ஓட்டாதேயும். சைலன்சர்ல வார கார்பன் மோனாக்சைடுக்கு நெறமும் கெடையாது, வாடையும் கெடையாது. தூக்கம் வார மாதிரி இருக்கும். மாமன் வந்து எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டீரு.

உம்ம போன்ல பாத்துச் சொல்லுவீரே, ஸ்டீரிங்குக்கு அடியில செருகி வச்சிருக்க ப்ளூடூத் டப்பா, அது என்ன சொல்லுது? பி 0171-ஆ? இங்கிலீசுல ‘லீன்’னு போட்டிருக்கா? அதுக்கு நம்ம ஊருல பேரு வத்தல். காத்துக்குத் தக்க பெட்ரோல் இல்ல, கலவை வத்தலா இருக்குன்னு அர்த்தம். நீரு என்ன செஞ்சீரு? அந்தச் சேதியச் சொன்ன ஆக்சிஜன் சென்சாரையே கழட்டி எறிஞ்சிட்டீரு. தூது வந்த அனுமார் வால்ல தீ வச்ச மாதிரி. அங்க எரிஞ்சது இலங்கை, இங்க எரிஞ்சது உம்ம பை.

அந்த நம்பர் இருக்கே, அது ஆஸ்பத்திரி வாசல்ல காய்ச்சல் பாக்க நர்சம்மா மாதிரி. 102 டிகிரின்னு சொல்லும். டைபாயிடா, கொசுக்கடியா, மாமியா வீட்டு விருந்தான்னு சொல்லாது. 0300-ன்னு வந்தா ஏதோ சிலிண்டரு அங்கங்க அடிக்காம விடுதுன்னு அர்த்தம். 0301-ன்னா ஒண்ணாவது சிலிண்டரு, 0302-ன்னா ரெண்டாவது. 0302 வந்துச்சுன்னு வையும், உடனே மூணு காயிலும் வாங்கிராதேயும். இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ரெண்டாவது காயில எடுத்து ஒண்ணுல மாட்டும், ஒண்ணுல இருந்தத ரெண்டுல மாட்டும். நம்பர அழிச்சிட்டு ஒரு சுத்துச் சுத்திட்டு வாரும். இப்ப 0301-ன்னு காட்டுச்சுன்னா குத்தவாளி காயிலு, அவன் எடம் மாறுன உடனே குத்தமும் கூடவே நகந்துட்டு. அப்பவும் 0302-தான்னா காயிலு பத்தினி, பிளக்கையோ இன்ஜெக்டரையோ பாரும். பந்தியில அடிதடி வந்தா ரெண்டு பேர எடம் மாத்தி உக்கார வச்சுப் பாப்போம்லா, அதே வித்தைதான்.

டேஷ்போர்டுல இருக்க இஞ்சின் மஞ்ச விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா பைய ஓட்டிக்கிட்டு வீடு வந்து சேரலாம். கண்ணடிக்க ஆரம்பிச்சுதுன்னா ஓரங்கட்டி நிறுத்திரணும். எரியாத பெட்ரோலு சைலன்சருக்குள்ள போயி, அங்க இருக்க கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல எரியும். அது உருகுச்சுன்னா இந்த 20,500-ஐ நீரு பொன்னாத் தேடுவீரு.

எங்கிட்ட நிக்கே பழைய மாருதி எண்ணூறு. 1983 டிசம்பர்ல இந்திரா காந்தியம்மா மொத சாவியக் குடுத்தாகளே, அந்த வம்சம். எனக்கு வரும்போது நாலு கை மாறி வந்துச்சு. 796 சிசி, மூணு சிலிண்டரு, கார்புரேட்டரு, கம்ப்யூட்டரு கிடையாது. அதுல ஓடும்போதே ஒரு பிளக்கு ஒயரப் புடுங்கிப் பாப்போம். புடுங்குன உடனே ஆட்டம் கூடுனா அந்தச் சிலிண்டரு உழைக்கான். புடுங்கியும் ஒரு மாத்தமும் இல்லைன்னா அவந்தான் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குதவன். ஒருநா ஒயரு பொத்தலா இருந்தது தெரியாமப் புடுங்கிட்டேன். பல்லாயிரம் வோல்ட்டு. ஒரு நொடியில எங்க அப்பாவப் பாத்து, பேசி, சொத்து வெவரமும் கேட்டுட்டுத் திரும்பி வந்தேன். உம்ம வண்டியில அந்த வித்தை ஆகாது. காயிலும் கெட்டுப்போகும், நீரும் எங்க அப்பாவத் தொந்தரவு பண்ணுவீரு.

உமக்குப் போன்ல படம் பாத்து பிளக்கு கழட்டத் தெரியும்ங்கீரு. எப்பக் கழட்டுனீரு? சூட்டோடயா! நல்லவேளை மரை கையோட வரல. அது அலுமினியத் தலைவே. ஆறுன பொறவுதான் தொடணும். கழட்டுததுக்கு முன்ன குழிக்குள்ள இருக்க தூசிய ஊதிரணும், இல்லன்னா நம்ம கரிசக்காட்டு மண்ணு சிலிண்டருக்குள்ள குடிபோயிரும். மாட்டும்போது மொத நாலஞ்சு சுத்து விரலாலதான் சுத்தணும், ஸ்பேனர எடுக்கப்படாது.

கழட்டுன பழைய பிளக்கு எங்க? இந்தா, பையில வச்சிருக்கீரா. கொண்டாரும் கண்ணாடிய. நாக்கப் பாத்து வைத்தியஞ் சொல்லுத மாதிரி, இதப் பாத்தே இஞ்சினோட குடலப் படிக்கலாம். பால் தூக்கலா விட்ட கருப்பட்டிக் காப்பி நெறத்துல இருந்தா நல்ல ஆரோக்கியம். காஞ்ச கரி அப்பியிருந்தா பெட்ரோலு அதிகமாக் குடிக்குது, ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாக்கணும். எண்ணெய்ப் பிசுக்கா நனைஞ்சிருந்தா உள்ள ஆயில் எறங்குது. சைலன்சர்ல நீலப் புகையும் வந்தா சந்தேகமே வேண்டாம், பெரிய செலவு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா வத்தல். உம்மது மூணும் வெளுத்திருக்கு பாத்தீரா? மூணும் ஒரே மாதிரி. ஒரு காயிலு கெட்டா ஒரு பிளக்குலதான் தெரியும். மூணு பிள்ளையும் ஒரே மாதிரி மெலிஞ்சிருந்தா, குத்தம் பிள்ளைகமேல இல்ல, ஆக்குத பானையில. இத நீரு அன்னைக்கே பாத்திருந்தா காயிலுக்குக் குடுத்த ரூவாயில உம்ம அத்தைக்கு ஒரு சேலை எடுத்திருக்கலாம். அவ காதுல விழட்டும்னுதான் சத்தமாச் சொல்லுதேன்.

இன்னொரு கணக்கு பாப்போம். போன்ல ஃபியூல் ட்ரிம்னு ஒண்ணு காட்டும். கம்ப்யூட்டரு வழக்கமா ஊத்துத பெட்ரோல விட எம்புட்டு கூட்டுதேன், கொறைக்கேன்னு அது எழுதி வைக்க பத்துவழிக் கணக்கு. பூச்சியத்துல இருந்து அங்கிட்டு அஞ்சு, இங்கிட்டு அஞ்சு இருந்தா நல்ல குடும்பம். பத்தைத் தாண்டுனா வீட்டுல ஏதோ ஓட்டை. இப்ப நிக்கும்போது என்ன? 23-ஆ. கால வச்சு 2500 சுத்துக்கு ஏத்திப் புடியும். இப்ப? 4. பாத்தீரா, பாத்தீரா! அம்மனும் அடங்கிட்டா.

வெளங்கலையா? எளநி குடிக்கீரு, குழாயில ஒரு கீறல் இருக்கு. உறிஞ்சுனா எளநி வராது, கீறல் வழியாக் காத்துதான் வரும். இஞ்சினு சும்மா நிக்கும்போது த்ராட்டில் மூடி கிட்டத்தட்டச் சாத்தியிருக்கும், உள்ள பயங்கரமா உறிஞ்சும். எங்கயாவது குழாயில பொத்தல் இருந்தா அந்த வழியாத் திருட்டுக் காத்து ஏறும். உம்ம வண்டியில காத்த அளக்க சென்சாரு முன்வாசல்ல உக்காந்திருக்கு. பொறவாசல் வழியா வந்தவன் கணக்குல வர மாட்டான். முன்வாசல் கணக்குக்குத்தான் பெட்ரோல் அளந்து ஊத்துவாக. கலவை வத்தலாயிரும், அடுப்பு விட்டு விட்டு எரியும். ரோட்டுல போகும்போது த்ராட்டில் அகலத் தொறந்து ஆத்துவெள்ளம் மாதிரிக் காத்து வரும். அந்த வெள்ளத்துல திருட்டுக் காத்து ஒரு செம்புத் தண்ணி. அதான் 23, நாலாச்சு. பம்போ ஃபில்டரோ கெட்டிருந்தா கணக்கு தலைகீழா வரும், மிதிக்க மிதிக்க ஏறும்.

அந்தச் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு திண்ணையில கெடக்கு, ஒண்ணரை முழம் இருக்கும், எடுத்துக் குடும். ஒரு முனையக் காதுல வச்சுக்கிட்டு இன்னொரு முனைய இஞ்சின் மேல பைய நகத்திக்கிட்டே வரணும். டாக்டர் வைக்க குழாய் இதுக்கு அண்ணன். சில பேரு ஓட்டை கண்டுபிடிக்கேன்னு சூட்டு இஞ்சின் மேல பெட்ரோலப் பீச்சுவாக. அவுக வீட்டு விசேசத்துக்கு நான் போறதில்ல. பத்தி எரிஞ்சா அதுதான் கடைசி விசேசம்.

இங்க இல்ல… இங்கயும் இல்ல… சத்தம் போடாதேயும்… ஆ. ‘ஸ்ஸ்ஸ்’. நீரு வையும் காத. கேக்கா? நல்லபாம்பு மாதிரி. இஞ்சின் மேல்மூடியில இருந்து இன்டேக்குக்குப் போற சுண்டுவிரல் தண்டிக் குழாய், அடிப்பக்கம். கண்ணுக்குத் தெரியாது, விரல விட்டுத் தடவும். சொரசொரன்னு ரெண்டு வரி. பல்லுத் தடம். மேல பாரும், பேட்டரிக்குப் பக்கத்துல மூணு கடலைத் தொலி. வண்டிய நீரு எங்க நிறுத்துதீரு? உம்ம மாமனாரு கடலை மூடை அடுக்கி வச்சிருக்க செட்டுல. அப்பச் சரி. உம்ம வண்டிய 20,500 ரூவாய்க்கு ஆட வச்சது ஒரு எலி.

விரல வச்சுப் பொத்துதேன், அம்மனப் பாரும். நின்னுட்டாளா! எடுக்கேன், ஆடுதா. பொத்துதேன், நிக்கா. எலிக்கு இருக்க சக்தியப் பாத்தீரா, அம்மனையே ஆட்டி வச்சிருக்கு.

அந்தச் சொட்டுநீர்க் குழாய அப்பிடிப் பாக்காதேயும், வெட்டி மாட்டலாமேன்னு தோணும். ஆயில் ஆவியும் சூடும் சேந்து ரெண்டு நாள்ல அது பாயாசமாயிரும். டேப்பு சுத்துனாலும் டவுன் வரைக்கும்தான் தாங்கும். ஸ்பேர் கடையில வண்டி மாடலச் சொல்லி அதே குழாய வாங்கி மாட்டும், கிளிப்பும் புதுசாப் போடும். இருபதாயிரத்துக்குப் பக்கத்துல அந்த ரூவாயச் சொன்னா உமக்குச் சிரிப்பு வராது, அதான் சொல்லல. விளக்கு உடனே அணையலைன்னு பதறாதேயும். மூணு நாலு ஓட்டம் ஓடிப் பாத்து, குத்தம் இல்லைன்னு தெரிஞ்சா கம்ப்யூட்டரே அணைச்சிரும்.

எலிக்கா? புகையிலைக் காம்பு கட்டுனா வராதும்பாக. எங்க ஊரு எலிக்குப் புகையிலை பழகிருச்சு, அடுத்து வெத்தலை கேக்கும். ஒருநா விட்டு ஒருநா வண்டிய எடும், கடலை மூடைய வேற எடத்துல அடுக்கச் சொல்லும். மாமனார்கிட்ட நீரு சொல்ல மாட்டீரு. சரி, எலியே இருக்கட்டும்.

ஏளா, மருமவனுக்குச் சாப்பாடு போடு. நீரு கை கழுவுததுக்கு முன்ன டிக்கியத் தொறந்து அந்தப் பழைய பேட்டரியத் தூக்கிட்டு வாரும். அந்த மீட்டரையும் எடும். செகப்பு ஒயர இதுல வையும், கறுப்பு அதுல. 12.5 காட்டுதா? சார்ஜ் நல்லாவே இருக்கு. எதுக்கு மாத்துனீருன்னு நான் கேக்க மாட்டேன், கேட்டா சோறு எறங்காது. இந்தக் கனத்த இன்னும் எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையுதீரு? மைலேஜு கொறையும். எண்ணூறு மூணு மாசமாத் தள்ளாமக் கிளம்ப மாட்டேங்குது, அன்னா வேம்படியில நிக்குது பாரும். பானட்டு தொறந்துதான் கெடக்கு. மைனஸ் கடைசியில மாட்டும்.